குளோரின் போட்ட தண்ணீரை டெஸ்டுக்குப் பிடிப்பது எப்படி?

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் தண்ணீர் சாம்பிள் வாங்கி வைப்பது என் வேலை. பலர் பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து வந்து, "ட்ரைஹாலோமீத்தேன் இருக்கான்னு பாருங்க" என்பார்கள். அதில் பார்த்துப் பயனில்லை.

ஏரித் தண்ணீரில் இலைதழை மக்கிய கரிமப்பொருள் கரைந்திருக்கும். குளோரின் அதோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் முதலான நான்கு பொருள்கள் உண்டாகும். இவற்றைத்தான் ட்ரைஹாலோமீத்தேன் என்கிறோம். கடலோர போர் தண்ணீர் என்றால், அதிலுள்ள புரோமைடால் புரோமின் கலந்த வகைகள் கூடும். நான்குமே ஆவியாகிப் போகிறவை. பாட்டிலில் மேலே கொஞ்சம் காற்று இருந்தாலே தண்ணீரை விட்டு அதற்குள் ஏறிவிடும். கரைந்த உப்பைப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் இவற்றைக் காட்டாது.

அதனால் ஆய்வகத்தில் கேட்டு 40 மில்லி பழுப்புக் கண்ணாடிக் குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் கிடக்கும் துளித் தூள் மீதிக் குளோரினை முறிப்பதற்கு, அழுக்கென்று கழுவிவிடாதீர்கள். குழாய் முனையில் சல்லடை இருந்தால் கழற்றுங்கள். தண்ணீரின் சூடு ஒரே நிலைக்கு வரும்வரை ஓடவிட்டு, மெல்லிய தாரையாகக் குப்பியின் சுவரோடு இறக்குங்கள். விளிம்புக்கு மேல் தண்ணீர் குமிழாக நிற்க வேண்டும், ஆனால் வழியக் கூடாது. மூடி, தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். குமிழி ஏறினால் திறந்து இன்னும் சில சொட்டு விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

குளோரினோடு தண்ணீர் தேங்கத் தேங்க இவை கூடும். சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடுகிற வீடென்றால், போட்ட மறுநாள் ஃபில்டருக்கு முன் ஒன்று, பின் ஒன்று பிடியுங்கள்.

ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள். ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு குளோரோஃபார்ம் 0.2 மில்லிகிராம், அதாவது 200 மைக்ரோகிராம் வரை இருக்கலாம், புரோமோடைகுளோரோமீத்தேன் 0.06, மற்ற இரண்டும் தலா 0.1 மில்லிகிராம். பல வருடம் தொடர்ந்து அதிகமாகக் குடித்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிவதாக ஆய்வுகள் உண்டு. ஒரு நாள் குடித்ததற்குப் பயப்பட வேண்டாம். இதற்குப் பயந்து குளோரினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். காலரா, டைஃபாய்டு வர வருடக்கணக்கு ஆகாது.

அளவு மீறினால் ஃபில்டரில் கார்பன் கார்ட்ரிட்ஜை நாள் தள்ளாமல் மாற்றுங்கள். காய்ச்சுவதானால் மூடியைத் திறந்துவைத்து, அடுப்படி ஜன்னலையும் திறந்துவிடுங்கள். வெந்நீர்க் குளியலில் ஆவியோடு மூச்சிலும் ஏறுவதால், பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடட்டும்.