இ-சைக்கிள் வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

கடைக்குள் நுழைந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" கேட்க வேண்டியதுதான். அதற்கு முன்னால், ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்று யோசித்தீர்களா? சென்னையில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீடு என்றால், கீழே பார்க்கிங்கில் பெரும்பாலும் பிளக் பாயின்ட் இருக்காது. இருந்தாலும் கரண்ட் பில்லைச் சொல்லி அசோசியேஷன் தகராறு செய்யும். பேட்டரியை ஃபிரேமுக்குள் புதைத்த மாடல் பார்க்க அழகுதான். ஆனால் சார்ஜ் போட முழு சைக்கிளையும் தோளில் சுமந்து ஏற வேண்டும். கழற்றும் பேட்டரி என்றால் இரண்டு மூன்று கிலோவோடு போயிற்று.

'லைட் வெயிட்' என்ற ஸ்டிக்கரை நம்பி வாங்குவது அடுத்த தவறு. அட்டையில் உள்ள எடை பேட்டரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். கடையிலேயே தூக்கிப் பாருங்கள். அப்புறம் மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு தெரு சுற்றி வாருங்கள். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தால் அப்படித்தான் மிதித்து வீடு சேர வேண்டும்.

கிலோமீட்டர் கணக்குக்கு வருவோம். பேட்டரியின் வோல்ட்டை ஏ.எச்.சால் (ஆம்பியர்-அவர்) பெருக்கினால் வாட்-அவர், அதாவது பேட்டரி தாங்கும் மின்சாரத்தின் அளவு. 36 வோல்ட், 7.8 ஏ.எச். பேட்டரியில் சுமார் 280 இருக்கும். மிதிக்காமல் த்ராட்டிலை (கைப்பிடி ஆக்ஸிலரேட்டரை) மட்டும் முறுக்கினால் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-அவர் வரை தின்னும். ஆக, சுமார் 19-லிருந்து 28 கிலோமீட்டர் போனால் பெரிது. விளம்பரத்தில் வரும் 50 எல்லாம் கூடவே மிதிக்கிற ஆளுக்கு.

"லாக்கை எடுத்துவிட்டால் 40-ல பறக்கும் சார்" என்று வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தருவதாகக் கடையில் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும்வரைதான் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். நம்பர் பிளேட்டும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

யாரும் கேட்காத விஷயம் பஞ்சர். பின்சக்கரத்தில் மோட்டார் இருந்தால், அச்சு நட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒயர் வெளியே வரும். அதைப் பார்த்ததுமே பல பஞ்சர் கடைக்காரர்கள் கையை எடுத்துவிடுவார்கள். ஒட்டுப் போட சக்கரத்தைக் கழற்றத் தேவையே இல்லை. டயரை ஒரு பக்கம் நெம்பி டியூபை வெளியே இழுத்தால் போதும். டியூபையே மாற்றுவதென்றால்தான் கழற்ற வேண்டும். அந்த ஒயரில் கழற்றி மாட்டும் கனெக்டர் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லாவிட்டால் டியூப் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஷோரூமுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பேட்டரிக்கு ஐ.பி.67 (தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் தரக்குறியீடு) என்றால் முழு வண்டிக்கும் அதே பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்கும் டிஸ்ப்ளேவுக்கும் தனியாகக் கேளுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதைக்குள் எந்த மாடலையும் இறக்காதீர்கள்.

சார்ஜ் போடும் இடம் மாடிப்படியோரம் வேண்டாம். பேட்டரி தீப்பிடித்தால் எல்லாரும் இறங்கி ஓட வேண்டிய வழி அதுதான். பணம் கட்டுவதற்கு முன், புது பேட்டரி தனியாக என்ன விலை என்று கேட்டு, வாரன்டி எத்தனை வருஷம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.