பழைய இசைக்குழுவை நேற்று வந்த குழு என்று சொல்பவரிடம் பேசுவது எப்படி?

2020 அக்டோபரில் என் அக்கா மகன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஒருவர் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே, பாட்டிலை வாயில் கவிழ்த்துப் பழச்சாறு குடிக்கிறார். பின்னணியில் ‘ட்ரீம்ஸ்’ என்ற பாட்டு. “மாமா, ஃப்ளீட்வுட் மேக் என்று புதிதாக ஒரு குழு வந்திருக்கிறது, கேட்டீர்களா?”

சுரீரென்றது எனக்கு. அந்தக் குழு 1967இல் லண்டனில் தொடங்கியது. அப்போது இவன் அம்மாவே பிறக்கவில்லை. தொடங்கிய பீட்டர் கிரீன் அந்த ஜூலையில்தான் காலமாகியிருந்தார். அவருக்காக ஒரு வாரம் பழைய இசைத்தட்டுகளைத் தேய்த்தவன் நான். முழு வரலாற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். 1970இல் கிரீன் விலகிய கட்டத்துக்கு நான் வந்தபோது பையன் இயர்போனை மாட்டிக்கொண்டிருந்தான்.

அப்படிச் செய்யாதீர்கள். “இதுகூடத் தெரியாதா?” என்ற கேள்வி நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுங்கள். அவர் போட்டுக்காட்டும் பாட்டை முழுதாகக் கேளுங்கள், நூறு முறை கேட்டதாக இருந்தாலும் சரி.

பிறகு அவர் எங்கே ஏமாந்தார் என்று பாருங்கள். பாதிக் குற்றம் திரையில் இருக்கும். என் மருமகனின் கைப்பேசியில் பாட்டின் பெயரை ஒட்டி ‘2004 ரீமாஸ்டர்’ என்று போட்டிருந்தது. அது பழைய ஒலிநாடாவைத் துலக்கி வெளியிட்ட ஆண்டு. பாட்டு வந்ததோ 1977இல். பாட்டின் பக்கத்தில் இருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம், அந்தக் குழுவின் ஆல்பம் பட்டியலில் அடிவரை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தொகுப்பு ஆல்பங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

குழுவின் பெயரையே தாங்கிய ஆல்பம் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதுதான் முதல் ஆல்பம் என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். ஃப்ளீட்வுட் மேக் அந்தப் பெயரில் 1968இல் ஒன்று வெளியிட்டது, 1975இல் மறுபடி ஒன்று. இரண்டாவது அவர்களுடைய பத்தாவது ஆல்பம். ‘ட்ரீம்ஸ்’ பாடிய ஸ்டீவி நிக்ஸும் கிட்டார் கலைஞர் லிண்ட்சி பக்கிங்ஹாமும் அதில்தான் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் பலருக்கு அந்தக் குழு அறிமுகமானதே அப்போதுதான். ஆக, பையன் செய்த தவறை 1975லேயே ஆயிரக்கணக்கானோர் செய்திருப்பார்கள். இது தெரிந்தால் கோபம் கொஞ்சம் தணியும். எனக்குத் தணிந்தது.

(நிகழ்ச்சி நடத்திச் சம்பளம் வாங்கும் பண்பலை அறிவிப்பாளர் இந்தத் தவறைச் செய்தால் இத்தனை பக்குவம் வேண்டாம். நேராகத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடலாம்.)

கடைசியாக, வரலாற்றைச் சொல்லாதீர்கள், ஒரே ஒரு பழைய பாட்டைக் கொடுங்கள். ‘பிளாக் மேஜிக் வுமன்’ கொடுக்கலாம். அது சந்தானா என்ற இன்னொரு குழுவின் பாட்டு என்றே ஊர் நினைக்கிறது, எழுதியவர் பீட்டர் கிரீன். ஆனால் அதிலிருந்து சந்தானா பற்றி ஒரு விவாதம் கிளம்பும் அபாயம் உண்டு. நான் கொடுப்பது ‘ஆல்பட்ராஸ்’. 1969 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மூன்று நிமிடம், வெறும் வாத்திய இசை. அலை மாதிரி மெதுவாக வந்து மெதுவாகவே போகும்.

அடுத்த தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது, பையனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அதை அனுப்பி வைத்தேன். இரண்டு நாள் கழித்து அழைத்தான்.

“மாமா, நான்கு முறை கேட்டுவிட்டேன். இதில் அந்தப் பெண் எப்போது பாட ஆரம்பிப்பார்?”