பழைய ஹைலக்ஸுக்குப் புது சைலன்சர்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இசிபிங்கோ மாதிரி கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இஞ்சின் கெடுவதற்கு முன்பே சைலன்சர்தான் போகும். உப்புக்காற்று வெளியிலிருந்து அரிக்கும். கொஞ்ச தூரமே ஓட்டினால், புகையிலிருந்து உள்ளே தங்கும் நீர் உள்ளிருந்து அரிக்கும். என் 1994 டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியும் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) மேடேறும்போது டிராக்டர் மாதிரி கத்த ஆரம்பித்தது.

வண்டியை வெளியே நிறுத்தி, ஆறிய இஞ்சினை ஓடவிட்டு, பின்குழாய் வாயை ஈரத்துணியால் லேசாக அடைக்கச் சொன்னேன் அண்ணனிடம். எங்கே ‘புஸ்’ என்று வருகிறதோ, எங்கே கரி படிந்திருக்கிறதோ, அங்கேதான் கசிவு. சைலன்சரின் அடிமடிப்பு போயிருந்தது. இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டை ஒட்டிய ஃபிளேஞ்சிலும் (குழாய்களை நட்டுபோட்டு இணைக்கும் தட்டு) கசிவு. இதுதான் ஆபத்தானது: புகையிலுள்ள விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, கேபினுக்குள் வந்தாலும் தெரியாது.

துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டினால், அது ஏறியிருக்கும் ஸ்டட் (மரையாணி) முறியும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தேன். காலையில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் கேஸ் டார்ச்சால் சூடாக்கி, முதலில் ஒரு துளி இறுக்கி, அப்புறம் தளர்த்தினேன். அடம்பிடித்த ஒன்றைக் கிரைண்டரால் அறுக்க வேண்டியதாயிற்று. திரும்பப் போட்டதெல்லாம் பித்தளை நட்டு. அது துருவேறி ஒட்டிக்கொள்ளாது.

இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் 2006இல்தான் நின்றது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை ஈயம் கெடுத்துவிடும். அந்தக் காலத்து வண்டியான என்னுடையதில் அது இல்லை, செலவு மிச்சம். சைலன்சரோடு, இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் குழாயைத் தாங்கும் தொங்கு ரப்பர்களும் புதிது. கிளாம்பை முழுக்க இறுக்கும் முன் குழாயை ஆட்டி, ஷாசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இடிக்கிறதா என்று பார்த்தேன். ஓட்டி வந்து ஆறியதும் நட்டுகளை மறுபடி இறுக்கினேன்.