டிஎன்எஃப் குழுக்கள்: நிறுவும்போதும் நீக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபெடோரா, ரெட் ஹேட் போன்ற லினக்ஸ்களில் மென்பொருளை நிறுவவும் நீக்கவும் உதவும் கருவி டிஎன்எஃப். பல பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) ஒரே கட்டளையில் நிறுவ அதில் குழுக்கள் உண்டு. ஃபெடோராவில் சி மொழி பழகத் தொடங்குபவர்கள் பலர் முதலில் நிறுவுவது டெவலப்மென்ட் டூல்ஸ் குழுவைத்தான். நிறுவி முடிந்ததும் நிரலைக் கம்பைல் செய்யப் போனால் ஜிசிசி என்ற கம்பைலர் இருக்காது. குழுவின் பெயரை மட்டும் பார்த்து உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்ததால் வந்த வினை இது. ஃபெடோராவில் அந்தக் குழு தருவது கிட், பேட்ச், டிஃப்ஸ்டாட் போன்ற கருவிகளை. ஜிசிசி, மேக், ஜிடிபி எல்லாம் சி-டெவலப்மென்ட் என்ற வேறொரு குழுவில் இருக்கின்றன. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸில் அதே டெவலப்மென்ட் டூல்ஸ் குழுவிலேயே ஜிசிசி வந்துவிடும். அதற்கான வழிகாட்டியைப் படித்துவிட்டு ஃபெடோராவில் செய்து பார்ப்பவர்தான் குழம்பிப்போவார்.

குழு என்பது ஒரு பேக்கேஜ் அல்ல. அதற்குள் கோப்பு எதுவும் கிடையாது, பதிப்பு எண்ணும் கிடையாது. பேக்கேஜ்கள் வைக்கப்பட்டிருக்கும் ரெப்போசிட்டரியோடு வரும் காம்ப்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைத்த பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் (ஃபெடோரா, ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் வகை) தன் பட்டியலைத் தானே எழுதிக்கொள்கிறது. ஆகவே நிறுவும் முன் 'டிஎன்எஃப் குரூப் இன்ஃபோ' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலை.

அந்தப் பட்டியல் முக்கியமாக மூன்று பகுதியாகப் பிரிந்திருப்பதையும் அங்கே பார்க்கலாம்: மேண்டேட்டரி (கட்டாயம்), டீஃபால்ட் (இயல்பு), ஆப்ஷனல் (விருப்பம்). வழக்கமாக நிறுவினால் முதல் இரண்டும்தான் வரும். ஆப்ஷனலில் உள்ளவை வேண்டுமென்றால் 'வித்-ஆப்ஷனல்' என்ற தெரிவைச் சேர்க்க வேண்டும். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேண்டிய ஓரிரு பேக்கேஜை மட்டும் தனியாக நிறுவிக்கொண்டால் போதும்.

சரி, நிறுவுவதில் நேரும் தவறுகளைச் சுலபமாகச் சரிசெய்யலாம். நீக்குவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. எந்தக் குழு நிறுவப்பட்டிருக்கிறது, எந்தப் பேக்கேஜ் எந்தக் காரணத்தால் உள்ளே வந்தது என்பதை டிஎன்எஃப் குறித்து வைத்துக்கொள்கிறது. நீங்கள் பெயர் சொல்லி நிறுவியது ஒரு வகை, குழுவோடு வந்தது இன்னொரு வகை, மற்றொரு பேக்கேஜ் இயங்கத் தேவைப்படும் சார்பாக இழுத்துவரப்பட்டது வேறு வகை. ஒரு குழுவை நீக்கினால், நீங்களே பெயர் சொல்லி நிறுவியவையும், நிறுவப்பட்ட வேறொரு குழுவிலும் இடம்பெற்றவையும் தப்பும். மற்றவை போகும். அவற்றுக்காக மட்டும் வந்த சார்புகளும் கூடவே போகும்.

குழுவோடு வந்த ஏதோ ஒரு கருவி நாளடைவில் உங்கள் அன்றாட வேலைக்கே ஆதாரமாகியிருக்கலாம். அது டிஎன்எஃப்புக்குத் தெரியாது. அதன் கணக்கில் அது இன்னும் குழுவின் உறுப்பினர்தான். அப்படிப்பட்டதை முன்கூட்டியே 'டிஎன்எஃப் மார்க் யூசர்' என்று குறித்துவிடுங்கள். பழைய டிஎன்எஃப் 4-இல் இதே வேலைக்கு 'மார்க் இன்ஸ்டால்' என்று எழுத வேண்டும். அப்புறம், குழுவை நீக்கும்போது, கேள்விகளுக்குத் தானாக ஆம் சொல்லிவிடும் 'மைனஸ் ஒய்' தெரிவைப் போடவே போடாதீர்கள். திரையில் வரும் நீக்கப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். டெஸ்க்டாப் குழுவை எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து நீக்குகிறீர்கள் என்றால், நெட்வொர்க் தொடர்பான பெயர் ஏதாவது அதில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். தவறிப்போனால் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ' பெரும்பாலும் காப்பாற்றும், ஆனால் அதற்கும் நெட்வொர்க் வேண்டுமே!

அப்டேட் விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. சாதாரண 'டிஎன்எஃப் அப்கிரேட்' ஏற்கெனவே நிறுவியிருக்கும் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும். குழுவில் புதிதாகச் சேர்க்கப்பட்டவற்றை அது கொண்டுவராது. அதற்கு 'டிஎன்எஃப் குரூப் அப்கிரேட்' வேண்டும். அது புதியவற்றைச் சேர்ப்பதோடு, பட்டியலிலிருந்து டிஸ்ட்ரோ எடுத்துவிட்டவற்றை நீக்கவும் செய்யும். உறுப்பினர்களை ஒவ்வொன்றாக நீங்களே நிறுவியிருந்தால், குழு நிறுவப்பட்டதாகக் கணக்கில் இருக்காது. அப்போது இந்தக் கட்டளையால் பயனில்லை.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒன்று: திரையில் தெரியும் குழுவின் காட்சிப் பெயரை நம்பாதீர்கள், அதன் அடையாளச் சொல்லான ஐடியைப் பயன்படுத்துங்கள். பெயரில் இடைவெளி இருக்கும், மேற்கோள் குறியை மறந்தால் ஷெல் அதை இரண்டு சொல்லாக உடைத்துவிடும். மொழி அமைப்பைப் பொறுத்துப் பெயர் மொழிபெயர்ந்தும் வரலாம். ஐடி மாறாது. 2024 அக்டோபரில் வந்த ஃபெடோரா 41 முதல் டிஎன்எஃப் 5 இயல்பாக வருகிறது. அதில் 'குரூப்இன்ஸ்டால்' என்று ஒட்டி எழுதும் பழைய கட்டளை இல்லை. 'குரூப் இன்ஸ்டால்' என்று பிரித்துத்தான் எழுத வேண்டும். அதோடு காட்சிப் பெயரைக் கொடுத்தால் பொருத்தம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். பல ஆண்டுகளாக ஓடிய ஸ்கிரிப்டுகள் நின்றுபோனது இதனால்தான். அதே சமயம் ஃபெடோராவில் டெவலப்மென்ட்-டூல்ஸ் என்ற ஐடி ரெட் ஹேட்டில் வெறும் டெவலப்மென்ட். இரண்டுக்கும் ஒரே ஸ்கிரிப்ட் என்றால் இதைக் கவனிக்க வேண்டும்.

குழுக்களையே சேர்த்துக் கட்டிய என்விரான்மென்ட் குழு என்றும் ஒன்று உண்டு. ரெட் ஹேட்டின் சர்வர் வித் ஜியூஐ (வரைகலைத் திரையுடன் கூடிய சர்வர்) அப்படிப்பட்டது. அதை நிறுவியதும் மறுதொடக்கத்தில் வரைகலைத் திரை தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் இயல்பு டார்கெட்டை, அதாவது கணினி எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்ற அமைப்பை, கிராஃபிக்கல் என்று மாற்ற வேண்டும்.

இந்தப் பழக்கத்தோடு ஆர்ச் லினக்ஸுக்குப் போனால் இன்னொரு வேறுபாடு காத்திருக்கிறது. ஆர்ச்சில் டிஎன்எஃப்பின் வேலையைச் செய்யும் பேக்மேனில் குழு என்பது பேக்கேஜ்களின் மேல் ஒட்டிய ஒரு அடையாளம் மட்டுமே. நிறுவியதற்கான பதிவு எதுவும் இல்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்ததை அது ஒருபோதும் தானாகக் கொண்டுவராது. அதனால்தான் ஆர்ச் 2019 அக்டோபரில் அடிப்படை அமைப்பைத் தரும் பேஸ் குழுவை மெட்டா பேக்கேஜாக (மற்ற பேக்கேஜ்களைச் சார்புகளாக இழுத்துவருவதற்கென்றே உள்ள பேக்கேஜாக) மாற்றியது, 2023-இல் பேஸ்-டெவலையும் அப்படியே. மாறிய பேஸில் கெர்னல் கிடையாது. பழைய குறிப்பைப் பார்த்து பேஸ் மட்டும் நிறுவினால் கணினி பூட் ஆகாது. கெர்னலைத் தரும் லினக்ஸ் என்ற பேக்கேஜையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.