குசினியை நீட்டுவதற்கு முன்: தாமான் வீட்டுக்கு அனுமதி வாங்கும் வழி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட லயத்தை விட்டுத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்கியவர்கள் முதலில் கை வைப்பது பின்பக்கக் குசினியில்தான். 20 அடி அகல ஒற்றை மாடி வரிசை வீட்டில் மேம்பாட்டாளர் கட்டிக் கொடுக்கும் குசினி இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும். பின்னால் பத்தடி இடம் சும்மா கிடக்கும். கூரை போட்டு மூடிவிடலாம் என்று குத்தகையாளரும் சொல்வார். அந்தப் பத்தடிக்கான அனுமதியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஓனிங் (கார் நிறுத்துமிடக் கூரை), கேட் எல்லாம் கடைசியில்.

படி 1: யாரிடம் கேட்பது

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் "கட்டிக்கோங்க" என்று கடிதமே கொடுத்தாலும் அது கட்டட அனுமதி ஆகாது. சங்கம் 1966 ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவான ஓர் அமைப்பு. அதன் விதிகள் உறுப்பினர்களுக்குத்தான். கட்டட அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சி மன்றத்திடம் இருக்கிறது. சுங்கை சிப்புட் வீடுகளுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். 1974 ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70 ஆம் பிரிவு, எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டக்கூடாது என்கிறது. அனுமதியில்லாமல் கட்டியதை இடிக்கச் சொல்லவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

அதற்காகச் சங்கத்தை ஒதுக்கிவிடாதீர்கள். காவலாளி போட்ட தாமானாக இருந்தால் மணல் லாரி உள்ளே வர அவர்கள் தயவு தேவை. வேலை நேரம், லாரி நிற்கும் இடம் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிப் புகார் குறையும்.

உங்கள் வீடு ஸ்திராத்தா பட்டாவில் (அடுக்குமாடி போல, பொது இடங்களைச் சேர்ந்து நிர்வகிக்கும் வீடுகளுக்கான பட்டா) இருந்தால் கதை வேறு. அங்கே நிர்வாகக் கழகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலும் கட்டாயம். வெளிச்சுவர் நிறத்தைக்கூட இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. துணைவிதியை மீறினால் 200 ரிங்கிட் வரை அபராதம் போடலாம். தோட்ட நிர்வாகம் கொடுத்த குடியிருப்பில் இருப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. அந்த வீடு கம்பெனிக்குச் சொந்தம், மேனேஜரின் கடிதம் இல்லாமல் ஓர் ஆணிகூட வேண்டாம்.

படி 2: தாள்களைச் சேருங்கள்

கிரான் (நில உரிமைப் பத்திரம்) நகல், அடையாள அட்டை நகல், கதவு வரி (ஊராட்சி மன்ற வரி) ரசீது, நில வரி ரசீது, வீட்டின் முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம். பாக்கி வரி இருந்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள், முதலில் அதைக் கட்டுங்கள்.

கிரானில் அப்பா பெயர் இருந்து அவர் காலமாகிவிட்டால் யார் கையெழுத்துப் போடுவது? அம்மா போட்டாலும் செல்லாது, மூத்த மகன் போட்டாலும் செல்லாது. முதலில் நில அலுவலகத்தில் பூசாக்கா (இறந்தவர் சொத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்றும்) வேலையை முடிக்க வேண்டும். நம் வீடுகளில் பல விண்ணப்பங்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. வரைபடத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே கிரானை எடுத்துப் பெயரைப் பாருங்கள்.

சம்மதக் கடிதத்தில் "ஆட்சேபணை இல்லை" என்ற ஒரு வரி போதாது. என்ன கட்டுகிறீர்கள், எத்தனை அடி, எந்தச் சுவரை ஒட்டி என்று எழுதி, சிறு வரைபடம் ஒன்றையும் இணைத்து, அதிலும் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவர் கையெழுத்து எடுபடாது, உரிமையாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

படி 3: அளவெடுங்கள்

வரைபடத்தை ஊராட்சி மன்றம் ஏற்கும் பதிவு பெற்ற கட்டட வரைவாளரிடம் கொடுங்கள். குத்தகையாளர் "இலவசமாக" தரும் வரைபடம் எனக்குப் பிடிக்காது. பெரும்பாலும் அது வேறு யாரோ ஒருவருடைய வீட்டு வரைபடம், பெயரும் மனை எண்ணும் மட்டும் மாறியிருக்கும். வரைவாளர் வருவதற்கு முன் நீங்களே ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் அளக்க லேசர் கருவி நல்லது. வெயிலில் அதன் சிவப்புப் புள்ளி தெரியாது, வெளியே நாடாதான். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தால் போதும், இதற்கு மென்பொருள் தேவையில்லை.

பின்மூலையில் எல்லைக் கல்லைத் தேடுங்கள். பழைய சிமெண்டுக்கு அடியில் புதைந்திருக்கும். கிடைக்காவிட்டால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். வேலியை எல்லையாக நம்பிச் சுவர் எழுப்பாதீர்கள். வரிசை வீட்டில் எல்லைக்கோடு பொதுச் சுவரின் நடுவில் ஓடும். அந்தச் சுவர் குறைந்தது 200 மில்லிமீட்டர் திடச் சுவராக இருக்க வேண்டும், அதில் உங்கள் பங்கு பாதிதான்.

படி 4: காற்றும் வெளிச்சமும்

வரைபடம் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். யூபிபிஎல் எனப்படும் 1984 ஆம் ஆண்டு கட்டடத் துணைச் சட்டங்களில் 39 ஆவது விதி: அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஜன்னல் வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் காற்று தடையின்றி வரும் திறப்பு வேண்டும்.

குசினிக்கு ஜன்னல் வைத்தால் தீர்ந்ததா? அங்கேதான் சிக்கல். பத்தடியை முழு அகலத்துக்கும் மூடினால், பின்பக்கப் படுக்கையறையின் ஜன்னல் வெளியே பார்க்காமல் புதுக் குசினிக்குள் பார்க்கும். மீன் பொரிக்கும் புகைதான் அந்த அறைக்கு வரும் காற்று. குசினி விதிப்படி சரியாக இருக்கும், படுக்கையறை விதியில் தேறாது.

தீர்வு, திறந்த காற்றுமுற்றம், அதாவது மேலே கூரை போடாமல் விடும் சிறு இடம். 40 ஆவது விதிப்படி இரண்டு மாடி வரையிலான கட்டடத்துக்கு அது குறைந்தது 7 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. கணக்குப் போடுவோம். பின்னிடம் 20 அடிக்கு 10 அடி, அதாவது சுமார் 6.1க்கு 3.05 மீட்டர். சுவர்க் கனம் போக உள்ளே சுமார் 5.9க்கு 2.9. படுக்கையறை ஜன்னலுக்கு நேரே 2.5க்கு 2.8 விட்டால் சரியாக 7 சதுர மீட்டர். நடுச்சுவர் போக, குசினிக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 3.2க்கு 2.9, அதாவது 9.3 சதுர மீட்டர். அதற்கு ஜன்னல் 0.93, திறப்பு 0.47 சதுர மீட்டர் வேண்டும். 1.2க்கு 0.9 மீட்டர் ஜன்னல் ஒன்றை முற்றத்தைப் பார்த்து வைத்தால் 1.08 கிடைக்கும்.

இங்கே ஜன்னல் வகையும் முக்கியம். இழுப்பு ஜன்னல் பாதிதான் திறக்கும்: 1.08இல் 0.54. தப்பித்துவிடும், ஆனால் ஜன்னல் சட்டகத்தைக் கழித்தால் மயிரிழைதான். நான் சொல்வது நேக்கோ கண்ணாடி ஜன்னல், பட்டை பட்டையாகச் சாய்த்துத் திறப்பது. ஏறக்குறைய முழுதும் திறக்கும், மழையிலும் சாய்த்து வைக்கலாம். எண்ணெய்ப் பிசுக்குத் துடைப்பது தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். திறக்காத கண்ணாடி வெளிச்சக் கணக்கில்தான் சேரும், காற்றுக் கணக்கில் சேராது.

கழிவறையையும் பின்னால் தள்ளுவதாக இருந்தால் அதற்குத் திறப்பு குறைந்தது 0.2 சதுர மீட்டர். குசினியின் உயரம் 2.25 மீட்டருக்குக் குறையக்கூடாது, படுக்கையறைக்கு 2.5.

அனுமதி கிடைத்த மறுமாதமே முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடுகிறவர்கள் நிறைய. துணி காயப்போட வசதிதான், ஆனால் அன்றோடு அது காற்றுமுற்றம் இல்லை.

படி 5: வேலை தொடங்கும்போது

பெர்மிட் நகலைக் கேட்டில் தெரியும்படி மாட்டுங்கள், காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை கட்டியிருந்தால், முதல் லாரி வருவதற்கு முன்பே வீட்டு முன் லோங்காங்கையும் (சாலையோர வடிகால்) சாலையோரக் கல்லையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பழைய விரிசலுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. சிமெண்டைச் சாலையில் குழைக்க விடாதீர்கள். கழுவிவிட்ட தண்ணீர் லோங்காங்கில் இறுகினால் உடைத்தெடுப்பது உங்கள் செலவு. இடிபாட்டுக்கு ரோரோ தொட்டி (லாரி ஏற்றிச் செல்லும் பெரிய குப்பைத் தொட்டி) எடுங்கள்.

தாமான் நிலம் முன்பு ரப்பரோ செம்பனையோ நின்ற இடமாக இருந்தால், மண்ணுக்கடியில் மக்கிய கட்டை இருக்கலாம். புது அடித்தளம் பழைய வீட்டைவிடச் சற்று அதிகமாக அமரும். அதனால் புதுச் சுவரைப் பழைய சுவரோடு கம்பி வைத்துப் பிணைக்காமல், 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நுரைக்கயிறு திணித்து, மேலே பியூ சீலண்ட் (நெகிழ்ந்து கொடுக்கும் அடைப்புப் பசை) பூசச் சொல்லுங்கள். வெறும் சிமெண்டால் அடைத்தால் அதே கோட்டில் வெடிக்கும். கூரைத் தண்ணீர் உங்கள் பீலி வழியாக உங்கள் வடிகாலுக்குள் விழ வேண்டும், அடுத்த வீட்டு ஓட்டின் மேல் அல்ல.

சேர்த்தது: ஓனிங் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு மேல் போடும் ஓனிங்குக்கும் அனுமதி கேட்க வேண்டும். பல மன்றங்களில் அது சிறு வேலைக்கான பெர்மிட், தாள் குறைவு. தூணைக் கேட்டுக்கு வெளியே நடக்கூடாது, அது சாலை ஒதுக்கிடம். கேட்டும் உள்பக்கமாகத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் சறுக்கு கேட் போடுங்கள்.

மீண்டும் சேர்த்தது: ஏற்கெனவே அனுமதியில்லாமல் கட்டியாகிவிட்டது, என்ன செய்வது என்று ஒருவர். வீட்டை விற்கும் வரை காத்திருக்காதீர்கள். வரைவாளரை வைத்து இருப்பதை இருக்கிறபடியே வரையச் சொல்லி, மேலே போட்ட காற்றுக் கணக்கை முதலில் பாருங்கள். கணக்கு சரிவராவிட்டால் கூரையில் எந்தப் பகுதியைத் திறக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே காட்டி, அந்த வரைபடத்தோடு கவுண்டருக்குப் போங்கள்.