போர்ட் எந்தப் பக்கம், ஸ்டார்போர்ட் எந்தப் பக்கம்? பினாங்கு ஃபெரியில் ஒரு பாடம்

மலேசியாவில் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்கு ஃபெரி ஏறுகிறீர்களா? அந்தக் கொஞ்ச நேரமே இதற்குப் போதும். படகோட்டத் தெரிய வேண்டாம். வெளியே கடல் தெரிகிற இடமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஃபெரி கிளம்பியதும் அது போகிற திசையைப் பார்த்து நில்லுங்கள். இடக்கைப் பக்கம் போர்ட், வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட். தெற்கே இருக்கும் பினாங்குப் பாலம் போர்ட் பக்கம் தெரியும். ஸ்வெட்டன்ஹாம் துறையில் சொகுசுக் கப்பல் நின்றால் அது ஸ்டார்போர்ட் பக்கம்.

படி 2: அப்படியே திரும்பிப் பட்டர்வொர்த்தைப் பாருங்கள். பாலம் இப்போது உங்கள் வலக்கைப் பக்கம் வந்துவிட்டது, ஆனால் இன்னமும் போர்ட்டில்தான் இருக்கிறது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இடது, வலது ஆளுக்கு ஆள் மாறும். போர்ட், ஸ்டார்போர்ட் படகோடு ஒட்டியவை. "போர்ட்டில் சம்பான்!" (சின்ன மரப்படகு) என்று ஒருவர் கத்தினால், யார் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்ப வேண்டும். அவசரத்தில் "உன் இடதா, என் இடதா" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாதே.

திரும்பி வரும்போது அதே பாலம் ஸ்டார்போர்ட் பக்கம் இருக்கும், ஏனென்றால் படகின் முகம் மாறிவிட்டது. 2020 கடைசி வரை ஓடிய பழைய ஃபெரிகளுக்கு இரண்டு முனையும் ஒன்றுபோல. அதில் இந்தப் பாடம் நடத்தியிருந்தால் மண்டை காய்ந்திருக்கும்!

படி 3: இருட்டியபின் விளக்குகளைக் கவனியுங்கள். போர்ட்டில் சிவப்பு, ஸ்டார்போர்ட்டில் பச்சை. ஒவ்வொன்றும் நேர்முன்னிருந்து தன் பக்கமாக 112.5 பாகைக்குத்தான் தெரியும். பின்னால் வெள்ளை விளக்கு. அதனால் ஒரு படகின் உருவமே தெரியாவிட்டாலும் அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம்.

படி 4: இரண்டு மோட்டார் படகுகள் குறுக்கே வந்தால் யார் வழிவிடுவது? 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிப்படி, மற்றதைத் தன் ஸ்டார்போர்ட் பக்கம் காண்கிற படகுதான் ஒதுங்க வேண்டும். அதற்குத் தெரிவது மற்றதன் சிவப்பு விளக்கு; மற்றதற்குத் தெரிவது இதன் பச்சை. சாலை சிக்னல் போலவே வைத்துக்கொள்ளலாம். நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே ஸ்டார்போர்ட் பக்கம் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது ஒரு குட்டை ஹாரன், போர்ட் பக்கம் என்றால் இரண்டு. மூன்று கேட்டால் இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்குகிறார்கள் என்று அர்த்தம்.