கரண்ட் எங்கே போச்சு? மண்டபம் என்ற கடற்கரை ஊரில் என் மோட்டார் அனுபவம்

கிணற்று மோட்டார் "ம்ம்ம்" என்று உறுமும், சுற்றாது. பக்கத்து வீட்டு அண்ணன், "காயில் கருகியிருக்கும் தம்பி, கழட்டி வைண்டிங் கட்டக் குடு" என்றார். மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரை மாற்றியும் பலனில்லை.

மோட்டார் வயரைக் கழற்றி மீட்டர் வைத்தேன், 225 வோல்ட். மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் அதே இடத்தில் 160! போர்டில் மட்டும் 218. அப்போதுதான் பிடிபட்டது. வயரில் எங்கோ கரண்டை மறிக்கும் தடை (ரெசிஸ்டன்ஸ்) இருந்தாலும், கரண்ட் ஓடாதபோது அது மீட்டருக்குத் தெரியாது. ஓட ஆரம்பித்தால்தான் கரண்டையும் தடையையும் பெருக்கிய அளவு வோல்ட் வழியிலேயே விழும். அதிலும் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு வயரைத் தடவிப் போனேன். சுவரோரம் ஒரு ஜாயிண்ட். டேப் உருகி வழிந்திருந்தது. பிரித்தால் உள்ளே பழைய அலுமினிய வயரும் புதுச் செம்பு வயரும் முறுக்கிக் கிடந்தன. அலுமினியத்தின் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி, செம்பில் பச்சை. இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அந்தப் பொடி கரண்டைக் கடத்தாது. கடற்கரை வீட்டில் இந்த ஜாயிண்ட் போடவே கூடாது.

போர்டிலிருந்து மோட்டார் வரை 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், நடுவில் ஒட்டே இல்லாமல், பைப்புக்குள் இழுத்தேன். முனைகளில் லக் (வயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக முனை) அடித்தேன். இப்போது கிளம்பும்போதும் 212 நிற்கிறது. தொட்டி இருபது நிமிடத்தில் நிறைகிறது.